டிமான்ட்டி: பேய்க்குப் போன பெயர்

கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே உப்பளங்களையும் உப்பங்கழியையும் தாண்டினால் கோவளம். அங்கே கடலைப் பார்த்தபடி கார்மேல் மாதா கோயில் நிற்கிறது. 1808இல் அதைக் கட்டியவர் ஜான் டி மான்டி என்ற போர்த்துக்கீசிய வணிகர். 1821இல் இறந்ததும் அவரை அடக்கம் செய்தது இங்கேதான். பெயரை இப்படிப் பிரித்து எழுதினால் ஒருவருக்கும் பிடிபடாது. சேர்த்து, நடுவில் ஒரு 'ட்' கூட்டி 'டிமான்ட்டி' என்று எழுதுங்கள். சின்னப் பிள்ளைகூட பேய்ப்படம் என்று சொல்லிவிடும்.

ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரால் ஒரு காலனி இருக்கிறது. ஆளில்லாத வீடுகள், அடர்ந்த மரங்கள், சரியாக எரியாத விளக்குகள். கதை கட்ட இது போதாதா? 2015இல் இயக்குநர் அஜய் ஞானமுத்துவின் 'டிமான்ட்டி காலனி' வந்தது, 2024இல் இரண்டாம் பாகம். அதற்குப் பிறகு அந்தப் பெயரை மனிதப் பெயராகக் கேட்கும் காது நமக்கு இல்லாமல் போனது.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம். போர்த்துக்கீசிய மொழியில் 'டி' என்பது நம் 'இன்' உருபைப் போன்றது. நம் வாயில் 'மான்டி' ஆன 'மோன்டே' என்றால் மலை. லத்தீன் 'மோன்ஸ்' அதன் தாய். ஆக, மலையைச் சேர்ந்தவர், நம் வழக்கில் மலையன். மலையன் கட்டிய கோயிலுக்கும் மலைப்பெயர்தான் வாய்த்தது. கார்மேல் இன்றைய இஸ்ரேலில் ஹைஃபாவை ஒட்டியுள்ள மலை. தற்செயல்தான் என்றாலும் சொல் ஆராய்கிறவனுக்கு இது கரும்பு.

மோன்டேவுக்கு இன்னொரு பொருளும் உண்டு: குவியல், சேர்த்துவைத்த நிதி. இத்தாலியில் வட்டிக்காரர்களிடம் ஏழைகள் சிக்கித் தவித்த காலத்தில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஊரில் பணம் திரட்டினார்கள். பாத்திரமோ துணியோ எது கொண்டுவந்தாலும் அடகாக வாங்கிக்கொண்டு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். 1462இல் பெருஜியா நகரில் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு 'மோன்டே டி பியத்தா' என்று பெயர். இரக்க நிதி எனலாம். அடகுக்கடையின் வரலாற்றில் இரக்கத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்பதை மார்வாடிக் கடை வாசலில் நின்றவர்கள் நம்ப மாட்டார்கள். போர்ச்சுகலில் 'மோன்டேபியோ' என்ற பெயரில் இன்றும் ஒரு வங்கி நடக்கிறது.

ஜான் டி மான்டியின் குடும்பப் பெயர் இந்த நிதியிலிருந்து வந்ததென்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அவர் செயல் இந்தப் பொருளோடுதான் ஒத்துப்போகிறது. தம் சொத்துகளை மயிலைத் திருச்சபையிடம் அறப்பணிக்கென்று விட்டுச் சென்றார். ஆழ்வார்பேட்டைக் காலனி அந்தச் சொத்தைச் சேர்ந்தது. மயிலை மறைமாவட்டம் 1606இல் போர்த்துக்கீசியர் காலத்தில் உருவானது. 1952இல் சென்னையோடு இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டமானது. அவர் பெயரிலான அறக்கட்டளை இப்போது அதன் பொறுப்பில் இருக்கிறது.

கத்தோலிக்க மரபு இரக்கச் செயல்கள் பதினான்கு என்று எண்ணிவைத்திருக்கிறது. ஏழு உடலுக்கு: பசித்தவருக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், ஆடையில்லாதவருக்கு ஆடை, வழிப்போக்கருக்கு இடம், நோயாளியையும் சிறையிலிருப்பவரையும் போய்ப் பார்ப்பது, இறந்தவரை அடக்குவது. மற்ற ஏழு உள்ளத்துக்கு. பிறர் குற்றத்தை மன்னிப்பதும் அதில் ஒன்று. இந்தப் பட்டியலைக் காட்டி ஜான் டி மான்டியைப் புனிதராக்க நான் வரவில்லை. கம்பெனிக் காலத்துச் சென்னையில் வாணிபத்தால் செழித்த செல்வர் அவர். செத்த பிறகு கொடுப்பதில் கொடுப்பவனுக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் தன் காலத்துக்குப் பிறகும் எளியவருக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதிவைத்தவரைப் பேயாக்கியது அநியாயம்தான்.

டிமான்ட்டி என்ற ஒலியில் ஆங்கில 'டீமன்' கேட்பதுதான் பாதி வினை. இரண்டுக்கும் உறவே கிடையாது. டீமனின் மூலம் கிரேக்க 'டைமோன்'. பழைய கிரேக்கர்களுக்கு அது தெய்வசக்தி; அவரவர் பங்கை அளிப்பது என்பதே அதன் வேர்ப்பொருள் என்பர். கிறித்தவம் பரவிய பின்தான் அது கெட்ட ஆவியானது. ஆக, நம்மிடம் வருவதற்கு முன்பே, பங்கிட்டுத் தந்த தெய்வசக்தி ஒன்று பேயாகிவிட்டிருந்தது!

கோவளத்துக்கு மீன் வறுவலுக்காகவும் அலைச்சறுக்குக்காகவும் போகிறவர்கள் கார்மேல் மாதா கோயிலையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். திருவிழா ஜூலை 16ஐ ஒட்டி வரும். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய், டிமான்ட்டி என்பவர் யார் என்று சொல்லிக்கொடுங்கள்.