மகாராணியாரின் முதல் வேட்டு

1860ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி. இலண்டன் மாநகரை அடுத்த விம்பிள்டன் வெளியிலே பெருங்கூட்டம் திரண்டிருந்தது. பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வரக்கூடும் என்ற அச்சத்தால், முந்திய ஆண்டில் நாடெங்கும் தொண்டர் படைகள் தோன்றியிருந்தன. அவற்றின் வீரர் குறிபார்த்துச் சுடப் பழகுதற்கென 1859இல் நிறுவப்பட்ட தேசிய றைபிள் சங்கத்தின் முதலாவது போட்டி அன்று தொடங்கவிருந்தது. தொடக்கி வைக்க வந்தவர் விக்டோரியா மகாராணியார். தாங்கியொன்றில் அசையாது பொருத்தப்பட்ட றைபிளின் விசையோடு பட்டுக் கயிறொன்று இணைக்கப்பட்டிருந்தது. அரசியார் அதனை இழுத்தார். 400 யார் தூரத்தில் நின்ற இலக்கிலே, நடுவிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பதிந்தது.

கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் அந்த வேட்டின் முடிவு, அரசியார் கயிற்றைத் தொடுமுன்பே தீர்ந்துவிட்ட ஒன்று. அதனைத் தீர்த்துவைத்தவர் மஞ்செஸ்ரர் நகரத்துப் பொறியியலறிஞர் யோசேப் விற்வேர்த்.

புதிய றைபிளைக் குறிக்கு அமைப்பது எளிய செயலன்று. இக்காலத்துப் போட்டி றைபிளாயின், பின்புறத்துப் பூட்டைக் கழற்றி, துப்பாக்கியைத் தாங்கியில் இறுக்கி, வெறுங் குழலினூடாகவே இலக்கைப் பார்க்கலாம். குழலின் வட்டத்துள் இலக்கு நடுவாகத் தோன்றும்போது, மேலேயுள்ள குறிகாட்டிகளையும் அதற்கு நேராகத் திருப்பிக்கொள்வர். விற்வேர்த்தின் றைபிளோ வாய்வழியாக மருந்தும் குண்டும் இடப்படுவது, பின்புறம் அடைபட்டது. குழலினூடாகப் பார்க்க வழியில்லை. பார்க்க முடிந்தாலும் அது பாதி வேலையே. 400 யாரைக் கடக்க அக்காலத்துக் குண்டுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி செல்லும்; அந்த ஒரு விநாடியில் குண்டு 16 அடி கீழே இறங்கிவிடும். ஆகவே குழல் நோக்கவேண்டியது இலக்கையன்று, இலக்கிற்கு மேலேயுள்ள வெற்றுவெளியை. எவ்வளவு மேலே என்பதைச் சுட்டுச் சுட்டே அறியவேண்டும். வேட்டுக்கு ஓரிடமாகக் குண்டு விழும் துப்பாக்கியாயின் அந்த அறிவும் பயன்படாது.

விற்வேர்த் கண்ட இடர் இதுவே. திருகாணிப் புரிகளுக்கு 1841இல் பொது அளவு வகுத்தவர். ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும் உணர்த்தும் அளவுகருவியை ஆக்கியவர். கிறைமியப் போர் நடந்த 1854இல், றைபிள் செய்யும் இயந்திரங்களை ஆக்கித் தருமாறு அரசாங்கம் அவரை வேண்டியது. நல்ல றைபிளின் இலக்கணம் இன்னதென்று தெரியாமல் இயந்திரம் செய்ய அவர் உடன்படவில்லை. முதலிலே ஆராய்ச்சி வேண்டும் என்றார். அரசாங்கச் செலவில், றஸ்ஹோம் என்னுமிடத்தில் 500 யார் நீளமான மூடிய கூடமொன்று எழுந்தது. காற்று உட்புகாத அக்கூடத்தில் இடையிடையே மெல்லிய தாள்கள் தொங்கவிடப்பட்டன. குண்டு துளைத்த துளைகளைத் தொடர்ந்து நோக்கினால் அது சென்ற வழி முழுவதும் புலனாகும். கூடத்தைப் புயல் ஒருமுறை வீழ்த்தியது, மீண்டும் கட்டினார்கள்.

இவ்வாராய்ச்சியிற் பிறந்தது அறுகோணக் குழல். படையின் என்பீல்ட் றைபிளிற் குண்டு 78 அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுழலும்; இதிலோ 20 அங்குலத்தில் ஒரு சுற்று. 1857இல் ஹைத் என்னுமிடத்தில் இரண்டையும் ஒப்பிட்டனர். 500 யாரில் என்பீல்டின் குண்டுகள் நடுவிலிருந்து சராசரி இரண்டேகால் அடி விலகின. விற்வேர்த்தின் குண்டுகள் அரை அடியும் விலகவில்லை.

எனினும் படைத்துறை அதனை ஏற்கவில்லை. குழல் மிகச் சிறியது, கரிமருந்தின் கசடு விரைவில் அடைத்துவிடும், விலையும் கூடியது என்று காரணங் கூறினர். இத்தீர்ப்பை அதிகாரிகளின் அறியாமை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. மழையிலும் சேற்றிலும் நிற்கும் போர்வீரன் குழலை அடிக்கடி துடைத்துக்கொண்டிருத்தல் இயலுமா?

ஆகவே விற்வேர்த் றைபிள் குறிவல்லோர் கைக்கே சென்றது. விம்பிள்டனில் அவ்வாண்டு அரசியாரின் பரிசாகிய 250 பவுணை எட்வேட் றொஸ் என்னும் இளைஞர் அதனைக் கொண்டே வென்றார். ஓராண்டுக்குள் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத்தார் இந்த றைபிள்களிற் சிலவற்றை வாங்கித் தேர்ந்த குறிகாரரிடங் கொடுத்தனர். 1864ஆம் ஆண்டு மே 9ஆந் திகதி, ஸ்பொற்சில்வேனியாப் போர்க்களத்தில் வடபடைத் தளபதி யோன் செட்ஜ்விக் தொலைவிலிருந்து வந்த ஒரே குண்டுக்கு இரையானார். அது விற்வேர்த்தின் குண்டே என்று பலர் எழுதியுள்ளனர்.