செம்மறிக் குட்டிகள் பருவமடைவதில் தீவனத்தின் பங்கு

செம்மறிப் பெட்டைக் குட்டிகள் பருவமடையும் காலத்தை வயது மட்டுமன்றி உடல் எடையும் தீர்மானிக்கிறது. வளர்ந்த ஆட்டின் எடையில் ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதத்தைக் குட்டி எட்டும்போது முதல் சினைப்பருவம் தோன்றுகிறது.

உடலில் கொழுப்பு சேரும்போது, கொழுப்புத் திசுக்கள் சுரக்கும் லெப்டின் ஹார்மோன், போதிய ஆற்றல் இருப்பதை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்கு உணர்த்துகிறது. அதனால் இனப்பெருக்க ஹார்மோன்களின் சுரப்பு அதிகரித்து, சூலகத்திலிருந்து முதல் கருமுட்டை வெளிப்படுகிறது. தீவனம் போதாவிடில் இந்நிகழ்வு தாமதமாகிறது.

ராஜஸ்தானின் வறண்ட பகுதிகளில் பெரும்பாலான மந்தைகள் மேய்ச்சலையே நம்பியுள்ளன. கோடையில் புல் அருகும்போது குட்டிகளின் வளர்ச்சி தடைபடுகிறது. இனச்சேர்க்கைக் காலத்துக்குள் உரிய எடையை எட்டாத குட்டி அந்தப் பருவத்தைத் தவறவிடுகிறது. முதல் ஈற்றும் வளர்ப்போரின் வருவாயும் தள்ளிப்போகின்றன. இக்குறையை ஈடுசெய்ய, மேய்ச்சலுடன் தானியம், பிண்ணாக்கு கலந்த அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் அளிக்கப்படுகின்றன.

எனினும், பருவமடைவதற்கு முன் அளவுக்கு மீறித் தீவனமளிப்பதும் நன்றன்று. மடியில் பால் சுரக்கும் திசுக்களின் வளர்ச்சி குன்றி, பின்னாளில் குட்டிகளுக்குப் பால் போதாமல் போகலாம். ஆகவே, குட்டியின் எடையைச் சீரான இடைவெளியில் அறிந்து தீவன அளவை முடிவு செய்வதே பயன் தரும்.