பாழ்மனைப் பூக்கள்: வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்துப் பழைய குடியிருப்புகளின் சாட்சியம்

வாலாஜாபாத்தில் பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர்ப் பக்கம் போகிறவர்கள், ஏரிக்கரைகளை ஒட்டியும் வயல்களுக்கு நடுவிலும் ஆளில்லாத மண்மேடுகளைப் பார்த்திருப்பார்கள். பழைய நத்தம் என்றும் நத்தமேடு என்றும் ஊரார் சொல்லும் இடங்கள் அவை. மேலே வேலிகாத்தான் அடர்ந்திருக்கும். கால் வைத்தால் ஓட்டாஞ்சில்லு நெருடும். ஓரத்தில் ஆட்டுக்கல் ஒன்று பாதி புதைந்து கிடக்கும். அந்த முட்புதருக்கு நடுவே, தண்ணீர் ஊற்றவோ பறிக்கவோ ஆளில்லாமல், நந்தியாவட்டை ஒன்று வெள்ளைவெளேரென்று பூத்து நிற்கும். நாலடி தள்ளி இன்னொன்று. அதே வரிசையில் மூன்றாவது. காட்டுச்செடி இப்படி வரிசை பிடித்து முளைப்பதில்லை. அங்கே ஒரு வாசல் இருந்தது, அந்த வாசலில் பூசைக்குப் பூப்பறித்தவர்கள் இருந்தார்கள்.

நம் வட்டார வரலாற்றை எழுதியவர்கள் கோயிலையும் கல்வெட்டையும் முதலில் பார்த்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் மண்சுவர் எழுப்பி, பனையோலையோ விழலோ வேய்ந்து வாழ்ந்தவர்களின் வீடு, கூரை போன பிறகு சில மழைக்காலங்களுக்குள் கரைந்து மேடாகிவிடும். அவர்கள் பெயரைக் கல்லில் யாரும் வெட்டவில்லை. அவர்கள் இருந்ததற்குச் சான்றாக மிஞ்சுவது பெரும்பாலும் அவர்கள் கையால் நட்ட செடிகள்தாம். கல்வெட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கை அந்தச் செடிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிராமத்து வீட்டில் எந்தச் செடி எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு முறை உண்டு. வாசல் பக்கம் வேம்பும் பூசைப்பூக்களும்: நந்தியாவட்டை, செவ்வரளி, செம்பருத்தி. உள்முற்றத்திலோ பின்வாசலிலோ துளசி. கிணற்றடியில் பவழமல்லி. பாத்திரம் துலக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையும் கனகாம்பரமும் அந்திமந்தாரையும். புழக்கடையில் முருங்கை, கறிவேப்பிலை. மாட்டுக் கொட்டிலின் ஓரம் பூவரசு. எல்லையில் நொச்சி, ஆடாதோடை, காட்டாமணக்கு, கள்ளி என்று உயிர்வேலி. இந்த முறை தெரிந்தவர் ஒரு பாழ்மனையில் நின்றால், சுவர் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் வீட்டின் முகம் எந்தத் திசை, கிணறு எந்த மூலை, மாடு கட்டிய இடம் எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆனால் நட்டதெல்லாம் நிலைப்பதில்லை. ஆள் போனதும் முதலில் சாவது வாழை. மல்லிகைக்குக் கவாத்தும் தண்ணீரும் வேண்டும். அவை நின்றால் ஓரிரு கோடைக்குமேல் தாங்காது. செம்பருத்தியையும் முருங்கையையும் ஆடு விட்டுவைக்காது. பாழ்மனையில் எது இருக்கும், எது போகும் என்பதை முடிவு செய்வது வெயிலைவிட ஆடுதான். வேலி சரிந்த மறுநாளே அது உள்ளே வந்துவிடுகிறது. அது வாய் வைக்காத செடியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இங்கே தாவரவியல் ஓர் அருமையான செய்தியைச் சொல்கிறது. அரளி, பொன்னரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, ஈழத்தலரி, எருக்கு ஆகிய ஆறும் பார்வைக்கு வேறு வேறு. எனினும் அனைத்தும் அப்போசைனேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவற்றில் இலையைக் கிள்ளினால் பால் வடியும். எல்லாவற்றிலும் கசப்பும் நஞ்சும் உண்டு. அரளியிலும் பொன்னரளியிலும் உள்ள நஞ்சு இதயத்தையே நிறுத்தக்கூடியது. நம் வீட்டுவாசலில் சாமிக்குப் பூக்கொடுத்த செடிகளில் இத்தனை, ஆடுமாடு தொடாத நச்சுச் செடிகளாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவிழ்த்துவிட்ட கால்நடை ஊரெல்லாம் திரியும் இடத்தில், காவலின்றி வளரும் பூச்செடியை மக்கள் அனுபவத்தால் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு வகைச் செடிகள் மண்ணுக்குள் ஒளிந்து பிழைக்கின்றன. அந்திமந்தாரையைத் தோண்டிப் பார்த்தால் வெளியே கறுத்து, உள்ளே வெளுத்த பருத்த கிழங்கு கிடைக்கும். சித்திரை, வைகாசியில் மேலே தண்டும் இலையும் சுருண்டு செத்ததுபோல் இருக்கும். முதல் மழை மண்ணை நனைத்ததும் கிழங்கு துளிர்க்கும். சில வாரங்களில் மாலை வேளையில் பூ விரியத் தொடங்கும். அதன் விதை மிளகுபோல் கறுத்துச் சுருங்கியது. உடைத்தால் உள்ளே வெள்ளை மாவு. அதை எடுத்து முகத்துக்குப் பூசி விளையாடாத கிராமத்துப் பிள்ளை குறைவு. மருளும் சோற்றுக்கற்றாழையும் பிரண்டையும் இதே போலத் தம் நீரைத் தாமே சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் மழை பெறும் மாவட்டம் இது. அதில் பெரும்பங்கு ஆடி முதல் கார்த்திகை வரைக்குள் கொட்டிவிட, மற்ற மாதங்களை ஒரு செடி தன் சேமிப்பில் கடக்க வேண்டியிருக்கிறது.

எல்லாச் செடியும் ஒரே தரமான சாட்சி அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நித்தியகல்யாணி இடிந்த சுவரின் செங்கல் இடுக்கிலும் முளைக்கும். அதன் மெல்லிய இரட்டைக்காய் வெடித்துக் கருவிதைகளைச் சிதறும். சுடுகாட்டுமல்லி என்று அதற்கு ஒரு பெயர் வந்ததே கேட்பாரற்ற இடத்திலும் தானாகப் பெருகுவதால்தான். எருக்கு விதை பஞ்சில் பறக்கும். இவற்றைக் கண்டதும் இங்கே வீடு இருந்தது என்று முடிவு கட்டக்கூடாது. அடுக்கு நந்தியாவட்டை வேறு வகை. இதழ் அடுக்காக இருக்கும் அந்தச் செடி பெரும்பாலும் காய்ப்பதில்லை. கொம்பு ஒடித்து ஒருவர் நட்டால்தான் உண்டு. அரளியையும் ஈழத்தலரியையும் கொம்பு வைத்தே வளர்ப்பது நம் வழக்கம். ஒரு மேட்டில் அடுக்கு நந்தியாவட்டையும் ஈழத்தலரியும் சேர்ந்து நின்றால் அங்கே மனிதக் கை பட்டிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். அது கோயில் நந்தவனமா, வீடா என்பதை ஓட்டாஞ்சில்லும் அம்மிக்கல்லும் சொல்லும்.

சில செடிகள் காலத்தையும் ஓரளவு காட்டுகின்றன. அந்திமந்தாரை, ஈழத்தலரி, பொன்னரளி மூன்றும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பியக் கப்பல்கள் கடல்வழி கண்ட பிறகே இங்கு வந்திருக்க முடியும். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவின் செடி; 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்கள் வழியாக உலகெங்கும் பரவியது. 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்தாகும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்த செய்தி பலருக்குத் தெரியும். நந்தியாவட்டையும் பவழமல்லியும் ஆடாதோடையும் இம்மண்ணுக்கே உரியவை. வாலாஜாபாத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்னும் மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. அங்கே இருப்பில் வைத்திருந்த மருந்துகளில் ஒன்று வாசா ஹரீதகி. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்தது. இன்று வேலியோரம் கேட்பாரின்றி நிற்கும் செடி ஆயிரம் ஆண்டுக்கு முன் இதே ஆற்றங்கரையில் மருத்துவமனைச் சரக்காக இருந்திருக்கிறது.

மனை என்பதற்கு இவ்வட்டாரத்தில் இருந்த மதிப்பை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் போற்றுகிறோம். வாரியத்துக்குப் பெயர் எழுத என்ன தகுதி வேண்டும் என்று வரும் பகுதியில், கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராகவும் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். குடும்பு எனப்படும் 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து தேர்ந்தவர்களில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. தோட்டங்களைக் கவனிக்கத் தனி வாரியம் வைத்த ஊர் இது.

இவ்வட்டாரத்து மனைகள் எப்படிப் பாழாயின? செங்கல்பட்டு ஜாகீர் எனப்பட்ட இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். மனை, தோட்டம், ஏரி, நன்செய், புன்செய் என்று ஊர்வாரியாக எழுதிய கணக்கு அது. ஓலையில் உள்ள கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அறிஞர் தரம்பாலும் அவர் வழிவந்த ஆய்வாளர்களும் அதன் அருமையை நமக்கு எடுத்துக்காட்டினர். அளந்து முடித்த சில ஆண்டுகளிலேயே போர் வந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கம்பெனியின் படை ஹைதர் அலியின் படையிடம் தோற்றது. போரும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் ஜாகீர் ஊர்களைக் காலி செய்தன. 1794இல் வந்த கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டுக் குடிகளைத் திரும்பக் கொண்டுவர முயன்றார். நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத்திலேயே கம்பெனியின் பெரிய படைமுகாம் இருந்து, பின்னாளில் கலைந்து போயிற்று. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்தது. இவற்றுக்குப் பிறகு இன்றுவரை நடப்பது சத்தமில்லாத பெயர்ச்சி: கிணறு வற்றியதால், பிள்ளைகள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலைக்குப் போனதால், சாலையோரம் வீடு கட்டினால் நல்லது என்பதால் பழைய நத்தத்தை விட்டு வந்த குடும்பங்கள். இன்று நாம் காணும் செடிகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசிப் பெயர்ச்சியின் மிச்சம்.

செடிகள் தரும் இந்த ஆவணத்தில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது. செங்கல்பட்டு மாவட்டத்தில், நிலத்தின் மீது பரம்பரை உரிமை தரும் மிராசு முறை ஆழ வேரூன்றியிருந்தது, 1810களில் எப்.டபிள்யூ. எல்லிஸ் அதைப் பற்றி விரிவாக எழுதினார். 1891இல் கலெக்டர் டிரமென்கீர் தம் அறிக்கையில், உழைக்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார்களின் உரிமையாகவே இருந்தது என்பதை அரசுக்கு எடுத்துரைத்தார். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணைக்கு அந்த அறிக்கை வழிவகுத்தது. எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்றிருப்பவர் பவழமல்லி நட்டு, அது மரமாகும்வரை எந்த நம்பிக்கையில் காத்திருப்பார்? நந்தியாவட்டை வரிசை நிற்கும் மேடு, பெரும்பாலும், நட்டதை அனுபவிக்கும் உரிமை இருந்தவரின் மேடு. உரிமை இல்லாதவர் வாழ்ந்த இடத்தில் செடியும் குறைவாகவே மிஞ்சியிருக்கும். அங்கே ஓரிரு பூவரசோ, ஒரு வேம்போ, தானாக வந்த நித்தியகல்யாணியோ மட்டும் நின்றால், யாரும் இருந்ததில்லை என்று எழுதிவிடக்கூடாது. வலுவற்ற சாட்சி என்று முன்னே சொன்ன செடியே அங்கே ஒரே சாட்சியாகவும் இருக்கலாம். அங்கு ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியைத்தான் நாட வேண்டும்.

வெளிநாடுகளில் இத்தகைய படிப்பு புதிதல்ல. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் காட்டுக்குள் லைலாக் புதர் தென்பட்டால் அருகே பழைய வீட்டின் அடித்தளத்தைத் தேடுவார்கள். தென் மாநிலங்களில் டாஃபோடில் வரிசை அதே வேலையைச் செய்கிறது. ஸ்வீடனில் ஓலோஃப் அர்ரேனியஸ் மண்ணிலுள்ள பாஸ்பேட்டை அளந்து பழங்குடியிருப்புகளைக் கண்டறியும் வழியை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். சாம்பலும் சாணமும் எலும்பும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மண் அதை எளிதில் இழப்பதில்லை. நத்தமேட்டு மண்ணை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிக்கும் நம் விவசாயிகளுக்கும் அந்த மண்ணின் வளம் தெரியும்.

அந்த மேடுகளே இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. மனைப்பிரிவு போடுகிறவர்கள் ஜேசிபி கொண்டு ஒரே பகலில் மேட்டைச் சமன் செய்து கல் நடுகிறார்கள். 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்துக்கு 13 ஊர்களில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்படுகிறது. அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் தங்கள் ஊரைக் காக்கத் தொடர்ந்து போராடி வருகிறார்கள். அவர்கள் வாசலில் இன்று பூத்திருக்கும் செடி எதுவும் இன்னும் பாழ்மனைச் செடி அல்ல. அப்படி ஆக்கக்கூடாது என்ற அவர்கள் குரலுக்குச் செவி கொடுக்க வேண்டும்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். தோட்ட வாரியம் கண்ட உத்திரமேரூருக்கும் அதன் அண்டை ஊரான வாலாஜாபாத்துக்கும் இது கைவராத காரியம் அல்ல. மூலிகை, மரம், பயிர் என்று எழுதும் அப்பதிவேட்டில் பழைய நத்தங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். மேட்டின் சர்வே எண், அதில் நிற்கும் செடிகள், அவை எந்த வரிசையில் நிற்கின்றன, அங்கே குடியிருந்தவர்கள் எப்போது, ஏன் வெளியேறினார்கள் என்பதை எழுதினால் போதும். மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆசிரியர் துணையோடு செய்யக்கூடிய வேலை. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. செடிகள் தழைத்து நிற்கும், மேட்டில் ஏறவும் முடியும். எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். இந்த ஆண்டே பாருங்கள்.