தாம்பத்தியத்தில் பெண்ணுக்கு இன்பம் இல்லையா? 'கட்டாயம்' போனாலே பாதி சரியாகும்

கல்யாணமாகி வருஷக்கணக்கில் ஆகியும் உச்சகட்டம் என்றால் என்னவென்றே தெரியாத பெண்கள் உண்டு. "எனக்குத்தான் ஏதோ குறை" என்று வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது குறையே இல்லை.

பெண்ணின் இன்ப உணர்வுக்கு மையம் கிளிட்டோரிஸ். வெளியே தெரிவது மொட்டு போன்ற நுனி மட்டும்தான். மீதி உள்ளே, பிறப்புறுப்பின் இருபுறமும் பரவியிருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானெல் இதைத் தெளிவாக விளக்கியது 1998-ல். மனிதன் நிலவில் இறங்கி 29 வருஷம் கழித்து! அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், உறுப்பு நுழைவது மட்டுமே உச்சகட்டத்துக்குப் போதும் என்றவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

அடுத்த தடை, மனசில் இருக்கும் அழுத்தம். கள்ளக்குறிச்சி பக்கம் நாள் முழுக்கக் காட்டுவேலை, ஒரே அறையில் பிள்ளைகள். வெளியூர் வேலைக்குப் போன கணவர் வந்திருக்கும் நாலு நாளில் "நடந்தே ஆகணும்" என்றால் உடம்பு ஒத்துழைக்காது. மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-ல் எழுதிய வழிமுறை எளிமையானது. சில நாட்களுக்கு உடலுறவே வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுப்பது. முதலில் கை, முதுகு, தலை என்று தொடுவது மட்டும். பிறகு, மெதுவாக மற்ற இடங்கள். எதையும் 'முடிக்க' வேண்டியதில்லை. எது பிடிக்கிறது என்று வாயால் சொல்லக் கூச்சமா? அவர் கையைப் பிடித்துக் காட்டினாலே போதும்.

வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் வறட்சி வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த ஜெல் உதவும். ஆணுறை பயன்படுத்துபவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, ஆணுறை கிழிந்துவிடும். உறுப்பு தானாக இறுகி வலிப்பதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கி வருவதென்றால் ஒருநாள் கூலி போகும். முதலில் கிராம சுகாதார செவிலியரிடமே கேட்கலாம், அல்லது 104-ஐ அழைக்கலாம்.

மனைவி 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், கணவரிடம் மறுக்க முடியும் என்று சொன்ன பெண்கள் 82 சதவீதம். மீதி 18 சதவீதத்தை யோசித்துப் பாருங்கள். மனைவி மீதான பாலியல் துன்புறுத்தலும் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். உதவிக்கு 181.