பிளாக்பெர்ரி கீஒன்: எழுத்து விசைகளுடன் வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி

தொடுதிரையின் கீழ் எழுத்து விசைப்பலகை பொருத்தப்பட்ட ‘பிளாக்பெர்ரி கீஒன்’ கைப்பேசி, 2017 ஆகஸ்ட் மாதம் இந்தியாவில் ரூ.39,990 விலையில் அறிமுகமானது. பிளாக்பெர்ரி பெயரைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தைப் பெற்றிருந்த ஆப்டீமஸ் இன்ஃப்ராகாம் நிறுவனம் இதை இந்தியாவில் தயாரித்து விற்றது.

இதன் விசைப்பலகை பழைய பயனர்களை ஈர்ப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. ஒவ்வோர் எழுத்து விசையையும் தட்டினால் ஒரு செயலி, அழுத்திப் பிடித்தால் மற்றொன்று என 52 குறுக்குவழிகளை அமைத்துக்கொள்ளலாம். விசைகளின் மீது விரலை நகர்த்தினாலே திரையில் பக்கம் நகரும். இடைவெளி விசையில் கைரேகை உணரி உள்ளது. தட்டச்சு செய்யும்போது திரையின் பாதி மறைவதில்லை என்பதால், மின்னஞ்சலைப் படித்தபடியே பதில் எழுதலாம். காணொளி பார்ப்போருக்கு 4.5 அங்குலத் திரை சிறியதுதான். விசைகளில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது இந்திய மொழிகளில் எழுதுவோருக்குக் குறையே.

பிளாக்பெர்ரியின் சொந்த இயங்குதளங்களைக் கொண்ட பழைய கைப்பேசிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. ஆண்ட்ராய்டில் இயங்கும் கீஒன் அவற்றில் சேராது. எனினும், ஆண்ட்ராய்டு 8 ஓரியோவுக்குப் பிந்தைய பதிப்புகள் இதற்கு வழங்கப்படவில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றுவிட்டதால், விசைகள் பழுதின்றி இயங்கும் கைப்பேசியிலும் வங்கிச் செயலிகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல.