ஓட்டுக் கூரையும் தீ பாலிசியும்

நம் கோவைக்குக் காற்று வருகிற வழியாகவேதான் சீமை ஓடும் வந்தது. பாலக்காட்டுக் கணவாயைத்தான் சொல்கிறேன். சென்னையிலிருந்து போத்தனூர் வழியாகப் பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை 1862-இல் முடிந்தது. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு கோழிக்கோடு, ஃபெரோக் பக்கமெல்லாம் ஓட்டு ஆலைகள் வந்தன. நாட்டு ஓடு வேய்ந்திருந்த நம்மூர்த் தொட்டிக்கட்டு வீடுகளில் மெல்ல மெல்ல மங்களூர் ஓடு ஏறியது. போத்தனூரிலேயே சிமெண்ட் அட்டை ஆலை வந்த பிறகு, களத்துச் சாளை, மாட்டுக் கொட்டகை, மாடி அறை எல்லாம் அட்டைக் கூரையானது.

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடித்தால் ஓடு நழுவும். சித்திரை, வைகாசிக் கோடைமழையோடு வரும் சூறைக்காற்று வேறு ரகம். ஓட்டில் பத்து இருபதைத் தூக்கும். அட்டையை முழுசாகப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். எங்கள் அப்பாரு புறக்கடையில் எப்போதும் ஐம்பது ஓடு அடுக்கி வைத்திருப்பார். அவருக்குத் தெரிந்த இன்சூரன்ஸ் அதுதான்.

இன்சூரன்ஸ் என்ற சொல் இந்த ஊருக்குப் புதிதல்ல. கல்கத்தாவில் ட்ரைடன் கம்பெனி 1850-லேயே வந்துவிட்டது. இங்கே ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை 1888-இல் ஆரம்பித்தது. பஞ்சு இருக்கும் இடத்தில் தீ பயம் இருக்கும். தீ பாலிசி இல்லாமல் எந்த வங்கியும் பஞ்சின் மேல் கடன் கொடுக்காது. ஆக, மில்காரர்கள் வீட்டுக் கூரைக்கு ஒரு பைசா பிரீமியம் கட்டாமல், மில் கூரைக்கு ஆண்டு தவறாமல் கட்டி வந்தார்கள். நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தவன். அந்தப் புதுப்பிப்புக் காகிதங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும்.

அந்தப் பாலிசியின் பெயரே தீ பாலிசி. 1666-இல் லண்டன் எரிந்த பிறகு பிறந்த வியாபாரம் அது. தீயை மட்டும் நினைத்துப் பிறந்தது. புயலும் வெள்ளமும் வெகு காலம் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் சங்கதிகளாகவே இருந்தன. 1973 ஜனவரி முதல் பொதுக்காப்பீடு அரசுடைமையாகி, 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அவற்றில் ஒன்று. 2001-இல் வந்த அகில இந்திய தீக் காப்பீட்டு விகித அட்டவணையில் புயலும் வெள்ளமும் பாலிசிக்கு உள்ளேயே இருந்தன. வேண்டாம் என்றால் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்து நீக்கிவிட்டு, பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் ஆபீசில் அப்போது ஒருவர், "கடலே இல்லாத ஊருக்குப் புயல் எதுக்குங்க?" என்று கேட்டார். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை சுற்றுவதைப் பஸ் ஜன்னலில் தினம் பார்த்துக்கொண்டு வேலைக்கு வந்தவர் அவர்!

வீடுகளுக்கு இந்தப் பாலிசி பெரும்பாலும் வீட்டுக் கடன் வழியாகத்தான் வந்தது. இதில்தான் நம் வயதுக்காரர்கள் பலர் ஏமாந்தார்கள். என் நண்பர் ஒருவர் கடனை முடித்து, பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்தார். கடனோடு பாலிசியும் முடிந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு வைகாசி மாலை மாடி அறையின் அட்டைகள் பக்கத்துத் தோட்டத்தில் கிடந்தன. பென்ஷன் பணத்தில்தான் மறுபடி போட்டார்.

எனக்கு 2014 மே மாதம் அதே கதி. மில் பழக்கத்தால் பாலிசி மட்டும் கையில் இருந்தது. விடிந்ததும் ஓடு மேய்கிறவர் வந்து நின்றார்: "மழைக்கு முன்னால மேஞ்சு போடோணுமுங்க." நம் ஊரில் கூரை பிரிந்தால் பொழுது சாய்வதற்குள் மூடுவதுதான் வழக்கம். "இன்சூரன்ஸ்காரங்க பார்த்துட்டுப் போகட்டுங்க" என்று சொல்லி, தார்பாய் மட்டும் கட்டச் சொன்னேன். மழை உள்ளே இறங்காமல் தடுப்பது நம் கடமை. அதற்கான செலவு ரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நிரந்தர வேலையை ஆரம்பித்துவிட்டால் சர்வேயருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. உடைந்த ஓட்டைக்கூட அள்ளிக் கொட்டவில்லை. நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன், ஆபீசுக்குத் தகவல் சொன்னேன், சொன்ன தேதியையும் எண்ணையும் குறித்துக்கொண்டேன்.

அன்றைய சட்டப்படி இருபதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட கிளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வந்தாக வேண்டும். தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்க வேண்டும். மூன்றாம் நாள் வந்தார். ஓட்டை அதிகம் பார்க்கவில்லை. ஏணியில் ஏறி வாரியையும் ரீப்பரையும் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கரையான் தின்ற மரம் என்றால் அது காற்றுச் சேதம் ஆகாது, பழசாகிப் போனது ஆகிவிடும். அதற்குப் பணம் கிடையாது. பிறகு அன்றைக்குக் காற்று அடித்ததற்கு ஆதாரம் கேட்டார். மறுநாள் பேப்பரில் மரம் விழுந்த செய்தி வந்திருந்தது; அதைக் கத்தரித்துக் கொடுத்தேன். மேஸ்திரியிடம் ஓடு, மரம், கூலி மூன்றையும் தனித்தனியாகப் போட்டு மதிப்பீடு வாங்கியது நல்லதாயிற்று. மொத்தமாக எழுதியிருந்தால் தேய்மானத்தை மொத்தத்திலும் பிடித்திருப்பார். மரத்துக்கு மட்டும் பிடித்தார். 64,000 கேட்டேன், 47,000 வந்தது.

இன்னொரு கணக்கும் அதில் இருந்தது. திரும்பக் கட்ட 20 லட்சம் ஆகும் வீட்டை 10 லட்சத்துக்கு எழுதியிருந்தால், ஒரு லட்சம் சேதத்துக்கும் 50,000 தான் தருவார்கள். பாதிக்குத்தானே பிரீமியம் கட்டினீர்கள் என்பது அவர்கள் நியாயம். நிலத்தின் விலைக்கு இதில் வேலையே இல்லை. சென்டு என்ன விலை போகிறது என்று பார்த்துத் தொகை எழுதுவது வீண்.

2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. குறைத்து எழுதியதற்காகப் பணத்தைப் பிடிக்கும் அந்தக் கணக்கு இதில் இல்லை. பத்து ஆண்டு வரைக்கும் ஒரேயடியாக எடுக்கலாம். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே உண்டு. புயல், சூறாவளி, சுழற்காற்று என்று அதில் காற்றுக்கு அரை டஜன் பெயர் போட்டிருக்கிறார்கள். ஆடிக்காற்று மட்டும் இல்லை. பழசாகித் தேய்ந்து போனதற்குப் பணம் இல்லை என்பது இதிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஆடிக்கு முன்னால் ரீப்பரைப் பார்த்து, நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டாலோ, எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் வராவிட்டாலோ, சென்னையில் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.