யாருக்காக மன்றாடுகிறோம்?
கரிசல் பூமியும் சமாதான ஜெபமும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் விளாத்திகுளம், நாகலாபுரம், எட்டயபுரம் வட்டாரத்துச் சபை எதிலும் ஆராதனையின் நடுவே மன்றாட்டு ஜெபம் உண்டு. பாலஸ்தீனம், உக்ரைன், சூடான், மணிப்பூர் என்று பெயர்கள் வரும். போர் ஓய வேண்டும், அகதிகள் வீடு திரும்ப வேண்டும் என்று சபை கேட்கும். உலக வரைபடத்தைப் பார்த்தே இராத பாட்டிகூட அந்தப் பெயர்களுக்கு ஆமென் சொல்வார். இந்த வழக்கம் எப்படி வந்தது, இதில் நம் சேரிக்கு என்ன இடம் என்பதே இன்றைய பேச்சு.

சொல்லிலிருந்து தொடங்குவோம். மன்றாடுதல் என்பது மன்றில் வழக்குரைப்பதைக் குறித்த சொல். மன்று என்றால் ஊர்ப்பொது, நியாய சபை. அங்கே ஒருவருக்காக எழுந்து பேசுவது மன்றாட்டு. அது கெஞ்சுதல் என்று பின்னால் சுருங்கிவிட்டது. ஆனால் நம் ஊர்களில் அந்த மன்றில் யார் பேச முடிந்தது? மந்தையில் ஊர் கூடினால் நம் மூதாதையர் தள்ளி நின்றார்கள். அவர்களைப் பற்றித் தீர்ப்பு வந்தது. அவர்களுடைய பேச்சு ஏறவில்லை. ஆகவே மன்றாட்டு என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போதே, யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்ற கேள்வியும் சேர்ந்து வருகிறது.

பைபிளில் ஆபிரகாம் சோதோம் நகருக்காக மன்றாடும் பகுதி உண்டு. ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை அழிப்பீரா என்று கேட்டு, நாற்பத்தைந்து, நாற்பது என்று பத்து வரைக்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருகிறார். கடவுளிடமே நியாயம் பேசுகிறார், கணக்கோடு பேசுகிறார். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி நம் கரிசலுக்கு வருவோம். 1854இல் ராக்லாந்து என்ற ஆங்கில மிஷனரி, ஃபென், மெடோஸ் என்ற இரு தோழர்களுடன் வடதிருநெல்வேலிக்கு வந்தார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்றார்கள். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் மாதந்தோறும் உபதேசிமாரை முறை வைத்து அனுப்பின. ராக்லாந்து 1858இல் சிவகாசியில் இறந்தார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோதும் அதன் பின்னும் நாகலாபுரம் உள்ளிட்ட மிஷன் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். அவர்களில் நம் மக்களும் இருந்தார்கள்.

அவர்கள் கையில் வந்தது ஆங்கிலேயத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தின் தமிழாக்கம். அதில் அரசிக்காக ஜெபம் உண்டு, சமாதானத்துக்காக ஜெபம் உண்டு. ஒடுக்கப்பட்டோருக்கும் கைவிடப்பட்டோருக்கும் வேண்டுதல் உண்டு. ஆனால் எல்லாம் பொதுச்சொல். ஒடுக்குகிறவர் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்பதற்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அரசி நலமாயிருந்தால் நாடு அமைதியாயிருக்கும் என்பது அதன் நம்பிக்கை. இந்தக் கரிசலோ அமைதியாக இல்லை. 1895இல் கழுகுமலையில் தேர் வீதி ரத்தக் களமானது. 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. எந்தச் சாதி எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கோயிலுக்குள் போகலாம் என்பதே அந்தச் சண்டைகளின் வேர்.

உலகம் முழுவதும் ஒரே வாரத்தில் சேர்ந்து ஜெபிக்கும் பழக்கத்துக்கும் இந்தியாவில் ஒரு தொடக்கம் உண்டு. 1857 கிளர்ச்சிக்கு அடுத்த ஆண்டு, பஞ்சாபின் லூதியானாவில் கூடிய அமெரிக்க மிஷனரிகள், ஜனவரியில் ஒரு வாரம் எல்லா நாட்டுக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். 1860 ஜனவரியில் அது நடந்தது, ஆண்டுதோறும் தொடர்ந்தது. தூரத்து மக்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் பழக்கம் இப்படி வலுப்பெற்றது.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. நாள்தோறும் நடுப்பகலில் விவாதத்தை நிறுத்திவிட்டு மன்றாட்டில் இருந்தார்கள். அந்த மேடையில்தான் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு வேண்டியது நட்பு என்றார். எங்களுக்காக ஜெபிக்கிற நீங்கள் எங்களோடு சமமாக உட்காருகிறீர்களா என்பதே அதன் உட்பொருள். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகி, தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா மக்களிடையே உழைத்தார். அவர் வெள்ளையரிடம் கேட்ட கேள்வியை, சேரிக் கிறிஸ்தவர் தங்கள் சபையின் மேல்சாதிக் கிறிஸ்தவரிடம் இன்றும் கேட்கலாம்.

1957க்கு வருவோம். நமக்கு வடகிழக்கே முதுகுளத்தூர்ச் சீமை கொதித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் அதில் அமர்ந்து பேசியவர்களில் ஒருவர் இம்மானுவேல் சேகரன். ராணுவத்தில் இருந்தவர், அப்போது முப்பத்திரண்டு வயது. மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன்பின் கலவரம் பரவியது, துப்பாக்கிச் சூடு நடந்தது, பல ஊர்கள் எரிந்தன.

மன்றாட்டின் முழுப்பொருளும் இந்த இரண்டு நாட்களில் இருக்கிறது. தன் மக்களுக்காக மன்றில் எழுந்து பேசினார். தள்ளி நில்லாமல் சமமாக அமர்ந்து பேசினார். சமாதானக் கூட்டத்தில் பேசியவரே சமாதானத்துக்கு முதல் பலியானார். அநீதி அப்படியே இருக்க அமைதி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு, நியாயம் பேசுகிறவரே கலகக்காரராகத் தெரிகிறார். சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேலாக மூடுகிறவர்களை எரேமியா தீர்க்கதரிசி கடிந்துகொண்டது இதற்காகத்தான்.

1995ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில், தாக்குதலுக்குத் தப்பி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்த மக்கள்மேல் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டு மாதம் முடியுமுன், ஆகஸ்ட் 31 அன்று, நம் மாவட்டத்துக் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து தலித் மக்களின் வீடுகளைச் சூறையாடினார்கள். வெளிநாட்டு உழைப்பில் வாங்கிய பொருட்கள் நொறுக்கப்பட்டன, படிப்புச் சான்றிதழ்கள் அழிக்கப்பட்டன. நவாலிக்காக ஜெபிக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் நவாலியைச் சொல்லும் வாய் கொடியங்குளத்தையும் சொல்ல வேண்டும். தூரத்து ஊரின் பெயரைச் சொன்னால் உள்ளூரில் யாருக்கும் கோபம் வராது. பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னால் கோயில் பிள்ளையிலிருந்து கமிட்டி வரை நெளிவார்கள். பெயர் சொல்லாத மன்றாட்டு வழக்காகாது.

பெயரோடு கணக்கும் சொன்னவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2011 ஜனவரியில், இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் சென்றார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். போர் முடிந்து அரசின் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அரச அலுவலகங்களின் எண்களையே எடுத்துக் கேட்டார். ஆபிரகாமின் கணக்கு இதுதான். ஜெபம் இங்கே மனுவாயிற்று, மனு சாட்சியமாயிற்று. 2021இல் அவர் இறந்தார், கேள்வி இறக்கவில்லை.

தோழர்களில் சிலர் கேட்பீர்கள்: ஜெபம் மக்களைத் தூங்க வைக்காதா? மதம் மாறியவரின் நிலை பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதியபோது, படித்த கிறிஸ்தவர்கள் தீண்டப்படாத கிறிஸ்தவரின் உரிமைக்காக எழவில்லை என்று குறை சொன்னார். அந்தக் குறை நியாயமானது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். ஆகஸ்ட் 10ஐ இன்று சபைகள் கறுப்பு தினமாக அனுசரிக்கின்றன. அன்று ஆலயத்தில் தொடங்கும் மன்றாட்டு தெருவுக்கு வந்து கோரிக்கையாகிறது. தூங்க வைக்கும் ஜெபமும் உண்டு, எழுப்பும் ஜெபமும் உண்டு. பெயரும் கணக்கும் இருக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

பெண்களிடமிருந்து ஒரு முறையைக் கற்கலாம். மார்ச் முதல் வெள்ளியில் நடக்கும் உலக ஜெப நாளின் ஆராதனையை ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்களே எழுதுகிறார்கள். 2024இல் பாலஸ்தீனப் பெண்கள் எழுதியது உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. துன்பப்படுகிறவரே வார்த்தையை எழுத வேண்டும், மற்றவர்கள் முதலில் அறிந்து பின் ஜெபிக்க வேண்டும், ஜெபித்தபின் செயல்பட வேண்டும் என்பது அதன் நெறி. அதே வழியில்தான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, நம் ‘பரட்டை’, கிராமிய இசையிலும் சேரித் தமிழிலும் வழிபாட்டை அமைத்தார்.

ஆகவே சபைக்குப் போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மன்றாட்டை நீங்கள் எழுதுங்கள். நம் தெருப் பெண்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். காஸாவும் மணிப்பூரும் அதில் இருக்கட்டும். இந்த வட்டாரத்தில் பாதை மறுக்கப்பட்ட சுடுகாடு, எஃப்ஐஆர் போடாத வழக்கு, காதலித்ததற்காகக் கொல்லப்பட்ட பிள்ளை ஆகியவையும் ஊர்ப்பெயரோடும் தேதியோடும் இருக்கட்டும். சபைக்குப் போகாத தோழர்கள் அந்தத் தேதிகளையும் விவரங்களையும் சேகரித்துக் கொடுங்கள். ஞாயிறு ஆலயத்தில் வாசித்த அதே தாளைத் திங்களன்று தாலுகா அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கலாம்.